ஏற்றத்தைக் குறைத்தது யார்? பிரான்ஸின் எரிமலைப் பீடபூமியில் ஒரு சைக்கிள் வழி

பீடபூமின்னு சொன்னதும் பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தில் வந்த படம்தான் பலருக்கும் ஞாபகம் வரும். மேஜை மாதிரி, மேலே தட்டையா ஒரு நிலம். அந்தப் படத்தை நம்பி பிரான்ஸின் வெலே பீடபூமிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால், முதல் நாள் மதியத்துக்குள் முழங்கால் உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் அதே பீடபூமியில் இன்றைக்குக் குழந்தைகளோடு, மூட்டை முடிச்சோடு நிதானமாக மிதித்து ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஏற்றத்தை அவர்களுக்குக் குறைத்துக் கொடுத்தது யார்? இந்த எபிசோட் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். பிரான்ஸின் நடுத்தெற்கில் மாசிஃப் சென்ட்ரல் என்ற பெரிய மேட்டுநிலம் இருக்கிறது. அதன் கிழக்குப் பகுதிதான் வெலே. ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே இங்கே எரிமலைகள் வெடிக்கத் தொடங்கிவிட்டன. கிரானைட் அடித்தளத்தின் மேல் எரிமலைக் குழம்பு பரவி பசால்ட் பாறையாக இறுகியது. சில இடங்களில் குழம்பு ஓடாமல் அப்படியே குவிந்து கூம்புகளாக நின்றுவிட்டது. மெசென்க் சிகரம் 1753 மீட்டர். பக்கத்தில் ஜெர்பியே தெ ஜோங்க், 1551 மீட்டர். லுவார் நதி இதன் அடிவாரத்தில்தான் பிறக்கிறது. மத்தியதரைக் கடல் கிட்டத்தட்ட 150 கி.மீ.யில் இருக்கிறது. ஆனால் லுவார் அந்தப் பக்கம் போகாமல் வடக்கே திரும்பி, சுமார் 1000 கி.மீ. ஓடி அட்லாண்டிக்கில் கலக்கிறது.

இது சைக்கிள் ஓட்டுபவருக்கும் முக்கியமான விஷயம். பீடபூமியின் கிழக்கு விளிம்பு ரோன் பள்ளத்தாக்கை நோக்கிச் செங்குத்தாக விழுகிறது. ரோன் கரையில் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட இருக்காது. மேலே ஊர்கள் 1000 மீட்டரில் இருக்கின்றன. மேலே ஏறியாச்சுன்னு நிம்மதியாவும் இருக்க முடியாது. ஆறுகள் பீடபூமியை ஆழமாக அறுத்து வைத்திருக்கின்றன. இறங்கு, பாலத்தைத் தாண்டு, மறுபடி ஏறு. நாள் முழுக்க இதேதான்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ஆள், சைக்கிள், பைகள் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் 8% ஏற்றத்தில் ஏற, புவியீர்ப்பை எதிர்க்க மட்டுமே சுமார் 218 வாட் வேண்டும். பயிற்சி இல்லாத ஒருவரால் அதை ரொம்ப நேரம் தர முடியாது. அதே வேகத்தில் 3% ஏற்றம் என்றால் 82 வாட் போதும். பேசிக்கொண்டே மிதிக்கலாம். இந்த இடைவெளியைக் குறைக்க இரண்டே வழிதான் உண்டு. வண்டியை மாற்றணும், இல்லைன்னா பாதையை மாற்றணும். இந்த வட்டாரத்தில் இரண்டுமே நடந்தது.

வண்டியை மாற்றியவர்

பீடபூமிக்கு வடகிழக்கே சாந்த் எத்தியென் நகரம். நிலக்கரி, ரிப்பன், துப்பாக்கி, பிறகு சைக்கிள் என்று வளர்ந்த தொழில் நகரம். அங்கே பட்டு வியாபாரத்தில் இருந்த பால் தெ விவி, 1887ல் சைக்கிள் கடை திறந்து, ஒரு சைக்கிள் பத்திரிகையையும் தொடங்கினார். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். சாந்த் எத்தியெனிலிருந்து தெற்கே கிளம்பினால் உடனே மலைதான். சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரிலிருந்து 1161 மீட்டர் உயரமுள்ள ரெபுப்ளிக் கணவாய்க்கு ஏற வேண்டும். ஒரே ஒரு கியர் உள்ள வண்டியில் அது தண்டனை. அதனால் வெலோசியோ இரண்டு சங்கிலி, இரண்டு மூன்று பல்சக்கரங்கள் என்று மாற்றி மாற்றிப் பரிசோதித்தார். கியர் மாற்றும் கருவிகளைப் பற்றி விடாமல் எழுதினார்.

அவர் பந்தயக்காரர் இல்லை. இரவில் கிளம்பி, மலை தாண்டி, தெற்கே நூற்றுக்கணக்கான கி.மீ. சுற்றுகிறவர். பசி வருவதற்கு முன்னாடியே சாப்பிடணும், தாகம் வருவதற்கு முன்னாடியே குடிக்கணும், வெறும் கௌரவத்துக்காக மிதிக்கக்கூடாது என்பதெல்லாம் அவர் சக பயணிகளுக்குச் சொன்ன விதிகள்.

எதிர்த்தரப்பில் யார் இருந்தாங்க தெரியுமா? டூர் தெ ஃபிரான்ஸ் பந்தயத்தை நடத்திய ஹென்றி தெக்ராஞ்ச். கியர் மாற்றுவது 45 வயது தாண்டியவர்களுக்கான சமாச்சாரம், வெற்றி தசையால்தான் வர வேண்டும் என்பது அவர் கட்சி. 1903ல் நடந்த முதல் டூரிலேயே வீரர்கள் அதே ரெபுப்ளிக் கணவாயைத் தாண்டினார்கள். பிறகு பல ஆண்டுகள், ஏற்றம் வந்தால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கப் பல்சக்கரத்தில் ஏறினார்கள். டூரில் கியர் மாற்றியை எல்லோருக்கும் அனுமதித்தது 1937ல்தான். அப்போது தெக்ராஞ்ச் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். வெலோசியோ 1930லேயே, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது ட்ராம் மோதி இறந்துபோயிருந்தார். இன்றைக்கு உலகம் முழுக்கக் கடையில் வாங்குகிற கியர் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு மலைநகரத்துச் சுற்றுலாக்காரரின் பிடிவாதமும் இருக்கு.

பாதையை மாற்றியவர்கள்

இரண்டாவது வழி, பாதையையே மாற்றுவது. அதைச் செய்தது ரயில். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. அதனால் சாதாரண ரயில் பாதையின் சரிவை ஏறக்குறைய 3 சதவீதத்துக்குள் வைக்க வேண்டியிருந்தது. 1000 மீட்டர் உயரம் ஏற வேண்டுமானால் குறைந்தது 33 கி.மீ. நீளம் வேண்டும். மலையைச் சுற்றி வளைந்து வளைந்து, பாறையை வெட்டி, பாலம் கட்டி, குகை குடைந்து அந்த நீளத்தை உண்டாக்கினார்கள். ரோன் பள்ளத்தாக்கிலிருந்து பீடபூமிக்கு ஏறிய மீட்டர் கேஜ் பாதையின் முதல் பகுதிகள் 1891ல் திறந்தன. 1903ல் மேலே சாந்த் அக்ரெவ் வரை இணைந்தது. குளிர்காலத்தில் பனியை வாரி வீசும் காற்றுக்கு இங்கே 'பூர்ல்' என்று தனிப் பெயரே உண்டு. அப்படிப்பட்ட ஊர்களுக்கு ரயில்தான் வெளியுலகம்.

அந்தச் சிறிய ரயில் நின்ற ஊர்களில் ஒன்று லெ ஷாம்போன். 1685ல் பிரெஞ்சு அரசர் புராட்டஸ்டன்ட் வழிபாட்டைத் தடை செய்தார். அதன் பிறகு தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வழிபட்டவர்களின் வாரிசுகள் வாழ்ந்த பகுதி அது. இரண்டாம் உலகப்போரில் நாஜிகளிடமிருந்து தப்பிய யூதர்கள், குழந்தைகள் உட்பட, இந்த மேட்டுநிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பாதிரியார் ஆந்திரே த்ரொக்மே, அவர் மனைவி மாக்தா, அக்கம்பக்கத்து விவசாயிகள் என்று ஊரே சேர்ந்து அவர்களை வீடுகளிலும் பண்ணைகளிலும் மறைத்து வைத்தது. மாணவர் விடுதியைப் பார்த்துக்கொண்ட த்ரொக்மேயின் உறவினர் தானியேல், தன் மாணவர்களோடு கைதாகி, 1944ல் மைதானெக் முகாமில் இறந்தார். 1990ல் இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகம் லெ ஷாம்போன், சுற்றுவட்டார ஊர்களின் மக்கள் எல்லோரையும் சேர்த்துக் கௌரவித்தது. அகதிகளில் பலர் வந்து இறங்கியது அந்த மீட்டர் கேஜ் ரயிலில்தான். ஊருக்கு மரக்கட்டையும் சந்தைச் சரக்கும் போகப் போட்ட அதே 3% சரிவு, உயிர் பிழைக்க வந்தவர்களுக்கும் பயன்பட்டது.

வராத ரயில்

இன்னொரு பாதையின் கதை இதற்கு நேர்மாறு. வெலேயின் தலைநகர் லெ புயியிலிருந்து தெற்கே, பீடபூமியைக் குறுக்கே கடந்து அர்தெஷ் பள்ளத்தாக்குக்கு இறங்க ஒரு ரயில் பாதை திட்டமிடப்பட்டது. லெ மொனாஸ்தியே ஊருக்குப் பக்கத்தில் ரெகுமென் என்ற கல்பாலத்தை 1921க்கும் 1925க்கும் இடையில் கட்டினார்கள். வளைந்து போகும் பாலம், எட்டு வளைவுகள், 65 மீட்டர் உயரம். தெற்கே 3 கி.மீ.க்கு மேல் நீளமான சுரங்கப்பாதையும் தோண்டியாகிவிட்டது. ஆனால் அதற்குள் லாரியும் பஸ்ஸும் வந்துவிட்டன. ஆட்கள் ஏற்கனவே நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முதல் உலகப்போர் வேறு இளைஞர்களைக் கொண்டுபோயிருந்தது. கடைசியில் வேலை பாதியில் நின்றது. ரெகுமென் பாலத்தில் ஒரு ரயில்கூட ஓடவில்லை.

ஓடிய ரயிலும் நிலைக்கவில்லை. ரோன் பக்கத்து மீட்டர் கேஜ் பாதை 1968ல் மூடப்பட்டது. சில துண்டுகளில் மட்டும் சுற்றுலா ரயில்கள் பிழைத்திருக்கின்றன.

சாஃப்ட்வேரில் இருக்கிறவர்களுக்கு இது பழக்கமான காட்சிதான். ப்ராஜெக்ட் செத்துப்போகும், அதற்காக எழுதிய ஒரு லைப்ரரி மட்டும் பிழைத்து, யாரும் நினைக்காத இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே பிழைத்தது சரிவு. லா வூல்த்திலிருந்து லெ ஷெய்லார் வழியாக சாந்த் அக்ரெவ் வரை, தண்டவாளம் எடுத்த பாதை இன்று 'தோல்ச்சே வியா' என்ற சைக்கிள் வழி. அங்கிருந்து சாதாரண கிராமச் சாலைகளில் லெ ஷாம்போன், மெசென்க் அடிவாரம், லெ மொனாஸ்தியே. 1878ல் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் தன் கழுதையோடு நடைப்பயணம் கிளம்பியதும் இதே லெ மொனாஸ்தியேயிலிருந்துதான். பிறகு ரெகுமென் பாலத்தின் மேல் ஏறி, வராத ரயிலின் பாதையிலேயே லெ புயி பக்கம் இறங்கலாம்.

ஆரம்பித்த கேள்விக்கு வருவோம். வெலோசியோவின் கியர் ஏறத் துணிந்தவருக்கு உதவியது. ரயில் போட்டவர்களின் சரிவு, துணியாதவரையும் மேலே கொண்டுபோகிறது. இரண்டுமே இயற்கை கொடுத்தது இல்லை. ஆனால் அந்தப் பாறையை வெட்டிய கூலித் தொழிலாளர்களின் பெயர் வழிகாட்டிப் பலகைகளில் இருக்காது. ஆள் குறைந்த அந்த ஊர்களுக்கு சைக்கிள்காரர்கள் ரயில் கொண்டுவந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட மாட்டார்கள். ஒரு காபி, ஒரு ராத்தங்கல், அவ்வளவுதான். இருந்தாலும் பாலங்களுக்கும் குகைகளுக்கும் பராமரிப்பு நடக்கிறது என்றால், அதற்கு இன்றைக்கு அவர்களும் ஒரு காரணம். பயன்பாடு நின்றால் காரை உதிரும், புதர் மூடும். நூறு வருஷத்து உழைப்பு ரொம்பச் சீக்கிரம் மறுபடி மலையாகிவிடும்.

எந்த ஊரிலாவது ஏற்றம் சுலபமா இருக்கேன்னு தோணினால், கொஞ்சம் நின்று ஓரத்துப் பாறையைப் பாருங்க. உளித்தடம் இருக்கலாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.