மணிக்கூண்டில் பெயரில்லாத 41 பேர்

திருச்சி காந்தி மார்க்கெட் எதிரே நிற்கும் மணிக்கூண்டு முதல் உலகப் போரின் நினைவுச் சின்னம். 1914 முதல் 1919 வரையிலான பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 302 பேர் சென்றார்கள், அவர்களில் 41 பேர் உயிர் துறந்தார்கள் என்கிறது அதன் கல்வெட்டு. பெயர்கள் இல்லை. போர் முடிந்தபின் ஆங்கிலேய அரசு இந்தியாவின் பல ஊர்களில் ஏறக்குறைய இதே வாசகத்துடன் பலகைகளைப் பதித்தது. ஊருக்கு ஊர் மாறியவை அந்த இரண்டு எண்கள்தான்.

மாண்டவர்களில் ஒருவரின் வாழ்க்கையைத் தேடுவோருக்கு முதலில் தெரிய வேண்டியது அவருடைய படைப்பிரிவு. அன்றைய தமிழ் மாவட்டங்களின் இளைஞர்கள் கர்நாடிக் காலாட்படைகளிலும், பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63ஆம் படையிலும், 61ஆம் பயனியர் படையிலும், பெங்களூரில் தலைமையிடம் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையிலும் சேர்ந்தார்கள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க நடந்த தோல்வியுற்ற முயற்சியில் 61, 63 ஆகிய இரு படைகளும் இருந்தன. ஆனால் இந்தியப் படையினர் மிக அதிகமாகச் சென்றது மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு. அங்கே குண்டுக்குப் பலியானவர்களோடு காலராவிலும் வெயிலிலும் மடிந்தவர்களும் ஏராளம். துப்பாக்கி ஏந்தாத சமையற்காரர்கள், கோவேறு கழுதை ஓட்டிகள், காயமடைந்தோரைத் தூளியில் சுமந்தவர்கள், தொழிலாளர் படையினர் ஆகியோரும் இந்தச் சாவுக் கணக்கில் உண்டு.

சென்னை மாகாணத்துப் பழைய காலாட்படைகள் 1920களில் சிக்கனத்தின் பெயரால் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. அதனால் பேரனோ பேத்தியோ போய்க் கேட்பதற்கு அந்தப் படைகளின் அலுவலகம் என்று ஒன்று மிஞ்சவில்லை. சாப்பர்ஸ் மட்டும் பெங்களூரில் தொடர்ந்தது.

இன்று துணையாக இருப்பது, 1917இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடு. அதில் வீரரின் பெயர், படை எண், இறந்த நாள் ஆகியவை இருக்கும். சிலருக்குத் தந்தை பெயரும் ஊரும் தாலுகாவும்கூடக் கிடைக்கும். ஊர்ப்பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால், ஒரே பெயரைப் பல விதமாக எழுதிப் பார்த்துத் தேட வேண்டும்.

இந்தத் தேடலில் நெஞ்சைச் சுடுவது பாஸ்ரா நினைவுச் சின்னம். மெசபடோமியாவில் இறந்து, கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்காக 1929இல் திறக்கப்பட்டது அது. ஆங்கிலேயச் சிப்பாய்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகச் செதுக்கப்பட்டன. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர். மற்றவர்கள் அவரவர் படையின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கையானார்கள். இறப்பில் அனைவரும் சமம் என்ற கொள்கையோடு பிறந்த இந்த ஆணையமே இதைச் செய்தது. ஏழ்மையோ கல்வியின்மையோ இதற்குக் காரணமாகாது. இது அப்பட்டமான பாகுபாடு. ஆணையமே அமைத்த குழு 2021இல் இதை ஒப்புக்கொண்டது. ஆணையமும் மன்னிப்புக் கோரியது.

கல் சொல்லாததை வீட்டுப் பெட்டி சொல்லக்கூடும். அந்தப் போருக்காக வழங்கப்பட்ட பதக்கங்களின் விளிம்பிலோ பின்புறத்திலோ வீரரின் எண்ணும் பெயரும் படையும் பொறிக்கப்பட்டிருக்கும். முன்னோர் வைத்துப்போன பழைய பதக்கம் வீட்டில் இருந்தால், அதை விற்பதற்கும் உருக்குவதற்கும் முன் விளிம்பையும் பின்புறத்தையும் துடைத்துப் படித்து, அங்குள்ள எழுத்துகளைக் குறித்து வையுங்கள்.