பின்னோக்கிப் பாயும் நீர்

சித்தூர்ச் சீமையின் ஏரிப்பாசனத்தை அறிந்தவர்க்கு ஒன்று நன்கு விளங்கும். மதகு கடந்து வாய்க்காலில் இறங்கிய நீர் ஏரிக்கு மீளுவதில்லை. நம் உடலிலும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. சிறுநீரகத்தினின்று இறங்கும் குழாய், சிறுநீர்ப்பையின் சுவருக்குள் சாய்வாக நுழைகின்றது. பை நிறையும்போது அக்குழாய் அழுத்தப்பட்டுத் தானே மூடிக்கொள்ளும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இவ்வமைப்புத் தளர்ந்திருக்கும். அப்போது நீர் மேலேறும். அதனுடன் கிருமியும் ஏறிச் சிறுநீரகத்தில் தழும்பை விளைவிக்கலாம். வெளியே நாம் காண்பதோ, காரணம் புலப்படாத காய்ச்சல் ஒன்றே.

கண்ணுக்குத் தெரியாத இந்நோயைக் காண மனிதன் கையாண்ட வழிகள் யாவை?

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டார். 1934இல் சென்னையில் பார்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. சித்தூர் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மாவட்டம். திருப்பதியில் மருத்துவக் கல்லூரி தோன்றியது 1960இல்தான். அதே ஆண்டில், நீர் மேலேறுதலுக்கும் சிறுநீரகத் தழும்புக்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் ஹாட்சனும் எட்வர்ட்ஸும் எடுத்துக் காட்டினர். அதன்பின் இந்நோயைத் தேடிக் காண்பது மருத்துவர்தம் கடமையாயிற்று.

எக்ஸ்ரே முறையில், மெல்லிய குழாய் வழியே பையில் மருந்துநீரை நிரப்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போது படம் எடுப்பர். நீர் எவ்வளவு உயரம் ஏறியது, குழாய் எவ்வளவு விரிந்தது என்பவற்றைக் கொண்டு நோயை ஐந்து படிகளாகப் பிரிப்பர். ஆண் குழந்தைகளின் சிறுநீர்த் தாரையில் அடைப்பு இருப்பினும் இது காட்டிவிடும். ஆயின், படம் எடுக்காத கணத்தில் நீர் ஏறி இறங்கினால் அது தப்பிவிடும்.

இக்குறையை நீக்க வந்தது அணுமுறை. 1959இல் விண்டர் என்பார் இதனை வெளியிட்டார். பிற்காலத்தில், ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறையும் டெக்னீஷியம் இதற்கு உகந்த பொருளாயிற்று. காமா காமிரா இடைவிடாது நோக்குவதால் கணநேர ஏற்றமும் அகப்படும்; கதிர்வீச்சும் குறைவு. எனினும் உறுப்பின் வடிவம் தெளிவாகத் தெரியாது. பைக்கு அருகே நிகழும் சிறு ஏற்றம் மறைந்துவிடலாம். 1993 முதல் திருப்பதியில் இயங்கிவரும் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் அணுமருத்துவத் துறையும் உண்டு. இத்தகைய பரிசோதனைகளுக்காகத் தொலைவு செல்லும் தேவை இவ்வாறு குறைகின்றது.

மூன்றாவது, நுண்குமிழிகளைப் பையில் செலுத்தி ஒலியலையால் நோக்கும் முறை. குழந்தைகளுக்கான இப்பயன்பாட்டுக்கு அமெரிக்கா 2016இல் அனுமதி அளித்தது. இதில் கதிர்வீச்சே இல்லை. ஆனால் பையில் குழாய் செலுத்தும் துன்பம் இதிலும் நீங்கவில்லை.

எனவே இவற்றுள் எது சிறந்தது எனக் கேட்பதைவிட, எந்தக் குழந்தைக்கு எது பொருந்தும் எனக் கேட்பதே அறிவுடைமை. ஆண் குழந்தையின் முதற் பரிசோதனைக்கு எக்ஸ்ரே. பின்னர்க் குணம் தெரிய அணுமுறை. வசதியுள்ள இடத்தில் குமிழிமுறை எனலாம். சாதாரண அல்ட்ராசவுண்ட் படம் நன்றாக இருப்பது ஒன்றைக் கொண்டே நோய் இல்லை என்று துணிதல் ஆகாது. காய்ச்சல் கண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் குழாய் செலுத்துதலும் வேண்டா.

பெற்றோர் செய்யத்தக்கது எளியதே. காரணம் தெரியாத காய்ச்சலில் குழந்தையின் சிறுநீரைச் சோதிக்கச் செய்தல் வேண்டும். எந்தக் கருவியும் அதன் பின்னரே பயன்படும்.