முதியோர் இல்ல வாந்திபேதி

முதியோர் பலர் ஒன்றாக வாழும் இல்லங்களில் வைரஸால் அடுத்தடுத்துப் பரவும் வயிற்றுநோய் இது. பெரும்பாலும் காரணம் நோரோ வைரஸ். 1968இல் அமெரிக்காவின் நார்வாக் ஊர்ப் பள்ளியில் பரவிய நோயின் மாதிரியில் 1972இல் இது கண்டறியப்பட்டது. அந்நாட்டில் பதிவாகும் நோரோ பரவல்களில் பாதிக்கு மேல் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் நிகழ்பவை. நம் பக்கத்தில் இதன் பெயர் அடிபட்டது மாணவர்களால்: 2021 நவம்பரில் வயநாட்டுப் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர் 13 பேருக்கு இந்நோய் உறுதியானது. முதியவருக்கு வந்தாலோ, ‘தண்ணி ஒத்துக்கல’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஏற்காடு போன்ற மலையூரில் அந்தப் பழி இன்னும் எளிதாக விழும். சேர்வராயன் மலையில் ஊற்றும் கிணறும் மழையில் கலங்கக்கூடியவை. எனவே தண்ணீரைச் சந்தேகிப்பது தவறே அல்ல, காலராவும் மஞ்சள்காமாலையும் அவ்வழியில் வருபவைதான். ஆனால் நோய் தொடங்கிய நேரங்களைக் குறித்துவைத்தால் வேறுபாடு புலப்படும். பொதுத்தொட்டி கெட்டிருந்தால் பலர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் படுப்பார்கள். இன்று ஒருவர், ஓரிரு நாளில் பக்கத்துக் கட்டில்காரர், பிறகு இருவரையும் கழுவிவிட்ட ஆயா என்று நகர்ந்தால் நோயைக் கடத்துவது கைதான். முதல் நோயாளிக்குத் தண்ணீரிலிருந்தே வந்திருக்கலாம். அடுத்தவர்களுக்கு அப்படியிருக்க வேண்டியதில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதிக்கும்; கிருமி சாக அதுவே போதும். ஆனால் கதவுப்பிடியையும் கழிப்பறைக் குழாயையும் யாரும் கொதிக்கவைப்பதில்லை.

கிருமிநாசினி ஜெல்லை மட்டும் நம்ப முடியாது. இவ்வைரஸ் ஆல்கஹாலுக்கு எளிதில் அடங்காது. சோப்பும் ஓடும் நீரும் வேண்டும். வாந்தி பட்ட தரையைத் துடைத்தெடுத்தபின் பிளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டும். நோயாளியைத் தனியறையில் வைப்பது வயதானவரை ஒதுக்குவது போலாகாதா என்று கேட்பார்கள். வாந்திபேதி நின்றபின் 48 மணி நேரம் வரைதான் அது; அருகில் பேச்சுத்துணைக்கு ஒருவர் கை கழுவிக்கொண்டு உட்காரலாம். ஆயாவுக்கும் அதே 48 மணி நேர விடுப்பு தேவை, அதுவும் சம்பளத்தோடு; இல்லையென்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வருவார். வயதானால் தாகம் மங்கும் என்பதால் கேட்கக் காத்திராமல் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். இதய, சிறுநீரக நோயுள்ளவருக்கு அளவை மருத்துவர் சொல்வார். பேச்சு குழறினாலோ சிறுநீர் குறைந்தாலோ பொழுது விடியட்டும் என்றிருக்கக் கூடாது: ஏற்காட்டிலிருந்து சேலம் பெரியாஸ்பத்திரிக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும்.