அறுவை மரத்தில் உலோகம் தேடல்

அறுவை மரத்தில் உலோகம் தேடல் என்பது, வெட்டிக் கிளை கழித்த தடிமரத்தை வாளுக்கு ஏற்றுமுன் அதனுள் ஆணி, கம்பி, கொக்கி, தோட்டா முதலியன புதைந்துள்ளனவா என்று மின்காந்தக் கருவியால் சோதிக்கும் முறையாகும். இதற்குப் பயன்படும் கருவி உலோகங்காட்டி. மக்கள் வழக்கில் இது மெட்டல் டிடெக்டர் எனப்படுகிறது. கோயில் வாயிலிலும் தொடர்வண்டி நிலையத்திலும் காவலர் கையில் காணும் கருவிக்கும் மர அறுவை ஆலைக்கு உகந்த கருவிக்கும் அடிப்படை ஒன்றே, தேவை வேறு. அந்த வேறுபாட்டை அறியாமல் வாங்கும் கருவி, ஆணி உள்ள மரத்தையும் ஆணி அற்றது என்று காட்டிவிடும்.

தவளக்குப்பமும் சாலைமரங்களும்

தவளக்குப்பம், புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அமைந்த ஊர். வடக்கே சுண்ணாம்பாறும் தெற்கே தென்பெண்ணையாறும் ஓடுகின்றன. கிழக்கே நல்லவாடு கடற்கரைக்கும் மேற்கே அபிஷேகப்பாக்கத்துக்கும் இங்கிருந்து சாலைகள் பிரிகின்றன. இத்தகைய சந்திப்பு ஊர்களில் மரம் நிழலுக்கு மட்டும் நிற்பதில்லை. தேநீர்க் கடையின் தார்ப்பாய் கட்டவும், மிதிவண்டி பழுதுபார்ப்பவர் டயர் மாட்டவும், தனிப்பயிற்சி வகுப்பு, மனை விற்பனை, அரசியல் கட்சி ஆகியவற்றின் தகரப் பலகைகளைத் தாங்கவும் அதுவே தூண்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. தவளக்குப்பம் அந்தப் பாதையில் இருந்தது. கடலூர் மாவட்டத்தின் முந்திரியும் பலாவும், புதுச்சேரித் தெருக்களின் நிழல்மரங்களும் பெருமளவில் சாய்ந்தன. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. இவ்விரு புயல்களுக்கும் இடையில் நான்குவழிச்சாலைப் பணிகளுக்காகவும் சாலையோர மரங்கள் வெட்டப்பட்டன. வேம்பு, புளி, பூவரசு, தூங்குமூஞ்சி, வாகை என அறுக்கத் தகுந்த மரம் இவ்வாறு ஒரே நேரத்தில் மிகுதியாகக் கிடைக்கும்போது, அதில் எவ்வளவு பலகையாகும், எவ்வளவு விறகாகும் என்பதை உள்ளே இருக்கும் இரும்பு பெரிதும் தீர்மானிக்கிறது. சாலையோர மரம் என்றாலே அறுக்கத் தயங்கும் ஆலைகள் உண்டு. அந்தத் தயக்கத்தால் நல்ல வைரம் பாய்ந்த மரமும் செங்கல் சூளைக்குப் போகிறது.

மரத்துக்குள் இரும்பு புகும் விதம்

மரம் உயரே வளர்வது கிளை நுனிகளில் மட்டுமே; அடிமரம் பக்கவாட்டில் தடிக்கிறதே தவிர மேலே நகர்வதில்லை. ஆகவே ஓராள் உயரத்தில் அடித்த ஆணி, 30 ஆண்டுகள் கழித்தும் அதே உயரத்தில் இருக்கும். ஆனால் ஆண்டுதோறும் புதிய மரவளையம் அதன்மேல் படர்ந்து மூடும். பட்டைக்குக் கீழே ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர் வீதம் தடிக்கும் மரத்தில், 20 ஆண்டுகளுக்கு முன் அடித்த ஆணியின் தலை ஏறத்தாழ 10 செ.மீ. ஆழத்தில் கிடக்கும். வெளியே தழும்புகூடத் தெரியாது.

இதன் விளைவு முக்கியமானது. மனிதர் கைக்கு எட்டும் உயரம்தான் ஆணி மிகுந்த பகுதி. அதுவே மரத்தின் மிகப் பருத்த, கணுக்கள் குறைந்த, விலை கூடிய அடித்துண்டும் ஆகும்.

விளம்பரப் பலகை மட்டுமே காரணம் அன்று. வேலிக்கால் மரத்தில் முள்கம்பி இழுத்துக் கட்டுவது, மாடு கட்ட வளையம் அறைவது, ஊஞ்சலுக்குக் கொக்கி பதிப்பது ஆகியன தோட்டத்து மரங்களிலும் உண்டு. பேய் பிடித்ததாகக் கருதப்பட்டவரின் முடிக்கற்றையைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இருந்துவந்தது. கேரளத்தின் சோட்டானிக்கரைக் கோயிலில் பாலைமரத்தில் இவ்வாறு அறையப்பட்ட ஆணிகள் பெயர்பெற்றவை. எனவே ஒரு மரம் எங்கே நின்றது, அங்கே மக்கள் என்ன செய்தனர் என்று கேட்டறிவதே சோதனையின் முதல் படி.

வாளில் ஆணி பட்டால்

பள்ளம் தோண்டி மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக வாள் இழுத்த காலத்தில், பற்கள் இரும்பைத் தொட்டவுடன் கை உணர்ந்துவிடும், ஒலியும் மாறும். அறுப்பை நிறுத்தி உளியால் செதுக்கி ஆணியை எடுத்தனர். இழப்பு ஒரு சில பற்களோடு நின்றது.

இயந்திர வாளில் அந்த இடைவெளி இல்லை. ஆலைகளின் பட்டைவாள் நொடிக்கு 30 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. ஆணியில் மோதினால் பற்கள் உடைந்து தெறிக்கும். பட்டையே அறுந்து வெளியே பாயவும் கூடும். 1987 மே மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் குளோவர்டேல் என்னும் ஊரின் ஆலையில், செம்மரத் தடி ஒன்றில் இருந்த ஏறத்தாழ 28 செ.மீ. நீள முளையாணியில் பட்டைவாள் மோதி உடைந்தது. வாளின் அருகே நின்ற இளம் தொழிலாளி முகத்திலும் கழுத்திலும் படுகாயமடைந்து தப்பிப் பிழைத்தார். காடழிப்பை எதிர்த்துச் சிலர் மரங்களில் முளையடித்துவந்த காலம் அது. அடுத்த ஆண்டு, 1988-ல், கூட்டரசு நிலத்து மரங்களில் இவ்வாறு முளையடிப்பது அந்நாட்டில் குற்றமாக்கப்பட்டது.

தவளக்குப்பம் சாலையில் ஆணி அடிப்பவருக்குத் தீய நோக்கம் ஏதும் இல்லை. ஆனால் வாளுக்கு நோக்கம் தெரியாது.

கருவியின் வரலாறு

உலோகங்காட்டியின் கருத்து மின்தூண்டலிலிருந்து பிறந்தது. கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் செல்லும்போது சுற்றிலும் மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அப்புலத்தில் உலோகம் வந்தால் அதனுள் சுழல்மின்னோட்டம் தோன்றிப் புலத்தைக் குலைக்கும். அந்தக் குலைவை இன்னொரு சுருள் உணர்கிறது. 1879-ல் டேவிட் எட்வர்டு ஹியூஸ் இவ்வகைத் தூண்டல் தராசை அமைத்தார்.

1881 ஜூலை 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்பீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டைக் கண்டறிய, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியுடன் வந்தார். முயற்சி தோற்றது. குண்டு வலப்பக்கம் இருப்பதாக மருத்துவர் நம்பியதால் அப்பக்கமே தேடப்பட்டது. படுக்கையில் இருந்த எஃகுச் சுருள்களும் சைகையைக் குழப்பியதாகக் கூறப்படுகிறது. செப்டம்பர் 19 அன்று கார்பீல்டு இறந்தார். பிணக்கூறாய்வில் குண்டு இடப்பக்கத்தில் இருந்தது. சுற்றிலும் உள்ள உலோகத்தை அகற்றாமல் தேடக் கூடாது, ஒரு பக்கம் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்னும் இரண்டு பாடங்களும் மர ஆலைக்கு இன்றும் பொருந்தும்.

1930-களில் கெர்கார்டு பிஷர் என்பவர் கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவியை உருவாக்கி 1937-ல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரில் போலந்துப் படை அதிகாரி யூசெப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி தேடும் கருவி, 1942-ல் எல் அலமைன் போரில் பயன்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 14 கிலோ. போருக்குப்பின் படைகளில் எஞ்சிய கருவிகள் பொதுமக்களிடம் விற்பனைக்கு வந்தன. பின்னர் டிரான்சிஸ்டர் வந்ததும் எடையும் விலையும் குறைந்தன.

போர்க்களக் காடுகள்

மரத்துக்குள் உலோகம் என்னும் சிக்கல் பெருமளவில் எழுந்தது பிரான்சின் கிழக்குப் பகுதியில். முதல் உலகப் போரில் வெர்டன் முதலிய களங்களில் வெடித்த எறிகுண்டுகளின் சிதறல்கள் காட்டுமரங்களில் பாய்ந்து தங்கின. பிழைத்த மரங்கள் அவற்றை மூடி வளர்ந்தன. அவ்வகை மரத்துக்குப் பிரெஞ்சு மர வணிகத்தில் தனிப்பெயரே ஏற்பட்டது. விலையும் குறைத்தே தரப்பட்டது. அந்தப் போரில் பிரான்சுக்காகச் சென்று உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்குப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் உள்ளது. போர் முடிந்து பல தலைமுறைகள் ஆன பின்னும் அக்காடுகளின் மரத்தை அறுக்குமுன் உலோகம் தேட வேண்டியிருக்கிறது. ஒரு நாள் பாய்ந்த இரும்பு நூறாண்டுகள் கழித்து வாளைத் தொடுகிறது.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கருவியைத் தேர்வதில் முதன்மையானது ஆழம். சுருளின் அகலத்தைவிடத் தொலைவு மிகும்போது, சிறு பொருளிலிருந்து வரும் சைகை தொலைவின் ஆறாம் அடுக்கில் குறைகிறது. தொலைவு இரு மடங்கானால் சைகை 64-ல் ஒரு பங்காகிவிடும். எனவே 60 செ.மீ. விட்டமுள்ள தடியின் நடுவில் உள்ள ஆணியைக் காண, எப்பக்கத்திலிருந்தும் 30 செ.மீ. ஆழம் எட்டும் கருவி வேண்டும். நடைமுறையில் இது எளிதன்று.

1. பாதுகாப்புக் கைக்கோல்: சில சென்டிமீட்டர் ஆழமே எட்டும். விலை குறைவு. அறுத்த பலகைக்கும், இடித்த வீட்டிலிருந்து வரும் பழைய உத்தரம், கதவு நிலை ஆகியவற்றுக்கும் போதும். முழுத் தடிக்குப் போதாது.

2. நிலத்தில் தேடும் கருவி: 20 முதல் 28 செ.மீ. அகலச் சுருள் கொண்டது. சிறு, நடுத்தர ஆலைக்கு இதுவே பொருத்தம். ஆனால் இது பெரும்பாலும் நாணயம், நகை தேடுவோருக்காகச் செய்யப்படுவது. அவர்களுக்கு ஆணி குப்பை. ஆகவே இரும்பைப் புறக்கணிக்கும் வசதி இதில் உண்டு. மர ஆலைக்கு வேண்டியதோ அந்த ஆணிதான். அவ்வசதியை முற்றிலும் நிறுத்தி எல்லா உலோகத்துக்கும் ஒலிக்கும்படி வைக்க இயலுமா என்று வாங்குமுன் பார்க்க வேண்டும்.

3. துடிப்புத் தூண்டல் கருவி: நனைந்த மண், உப்புநீர் ஆகியவற்றால் குறைவாகவே குழம்பும். கடலோரப் பகுதிக்கு ஏற்றது. உலோக வகையைப் பிரித்துச் சொல்லும் திறன் குறைவு. இங்கே அது குறையன்று.

4. சுரங்க வடிவக் கருவி: தடி நகரும் பாதையைச் சுற்றி நிறுவப்படுவது. பெரிய ஆலைகளுக்கானது. அதன் அருகே நகர்பாதையிலும் உலோகம் இருக்கக் கூடாது. நடுப்பகுதியில் உணர்திறன் மிகக் குறைவு என்பதால், ஆலைக்கு வரும் மிகப் பருத்த தடியைக் கொண்டே சோதித்து வாங்க வேண்டும்.

பெரிய சுருள் ஆழம் தரும், ஆனால் சிற்றாணியைத் தவறவிடும். சிறிய சுருள் சிற்றாணியைக் காட்டும், ஆனால் ஆழம் எட்டாது. ஒரு கருவி மட்டும் வாங்க முடிந்தால், நடுத்தரச் சுருளுடன், ஆணி இருக்கும் இடத்தைச் சுட்டும் சிறு துணைக்கருவியும் சேர்த்து வாங்குவது நல்லது.

சோதிக்கும் முறை

ஆலைக்கு மிகுதியாக வரும் மரவகையில் நடுத்தரத் தடி ஒன்றை எடுத்து, 5 செ.மீ. ஆணி ஒன்றை மறுபக்கத்தில் வைத்துக் கருவி ஒலிக்கிறதா என்று காண வேண்டும். ஆணியைக் கிடையாகவும் நிறுத்தியும் பார்க்க வேண்டும்; கிடக்கும் நிலையைப் பொறுத்துச் சைகை மாறும். தடியை மரக்கட்டைகளின்மேல் கிடத்தி, சங்கிலி, கடப்பாரை, வண்டி ஆகியவற்றை விலக்கி, கால்வட்டமாக உருட்டி உருட்டி நான்கு பக்கமும் தேட வேண்டும். ஆணி மிகுந்த அடித்துண்டின் கீழிரண்டு மீட்டரைச் சுருள் மரத்தைத் தொடும்படி மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும்.

ஒரே முறை தேடுவதோடு நிறுத்துவதும் தவறு. புறப்பலகைகளை எடுத்தபின் மறுபடி தேடினால், முன்பு எட்டாத ஆழம் இப்போது எட்டும். ஆழம் குறைந்த கருவி உள்ளவருக்கும் இதுவே வழி.

கண்ணும் ஒரு கருவியே. துவர்ப்புச் சத்து மிகுந்த மரத்தில் இரும்பு கிடந்தால் கருநீலக் கறை படரும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதிமாற்றம் இது. கறை நாரின் வழியே நீண்டு ஓடுவதால், தடியின் வெட்டுமுகத்தில் அது தெரிந்தால் அதே நேர்கோட்டில் உள்ளே ஆணி இருக்கலாம்.

கருவியின் எல்லைகள்

உலோகங்காட்டி உலோகத்தை மட்டுமே காட்டும். கிளைப்பொந்தில் சிக்கிய கல், மின்கம்பியின் பீங்கான் குமிழ் ஆகியவற்றைக் காட்டாது. துருப்பிடித்துக் கரைந்த மெல்லிய கம்பியின் சைகை மிகக் குறைவு. ஆகவே கருவி ஒலிக்கவில்லை என்பதற்காக வாளின் காப்புமூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்யலாகாது. வாளின் நேர்க்கோட்டில் ஆள் நிற்பதும் கூடாது. வெளிநாடுகளில் சில பேராலைகள் ஊடுகதிர்ப் படம் எடுத்தே மரத்தைச் சோதிக்கின்றன.

இன்றைய நிலை

தமிழ்நாட்டின் பல ஊர்களில் தன்னார்வலர்கள் சாலைமரங்களிலிருந்து ஆணிகளைப் பிடுங்கிவருகின்றனர். அவர்களால் எடுக்க முடிவது தலை வெளியே தெரியும் ஆணிகளை மட்டுமே. மரம் விழுங்கியவை உள்ளேயே இருக்கும். இன்று அடிக்கும் ஓர் ஆணி, கருவியின் எட்டாத ஆழத்துக்குச் செல்ல இரண்டு, மூன்று தலைமுறை வளையங்கள் போதும். புதுச்சேரி–கடலூர் சாலையில் புயல் மீண்டும் வரும். மரங்கள் மீண்டும் சாயும். அன்று அவற்றில் எவை கதவாகும், எவை விறகாகும் என்பதில், சாலையில் இப்போது சுத்தியல் பிடிப்பவருக்கும் ஆலையில் அப்போது உலோகங்காட்டி பிடிப்பவருக்கும் பங்கு உண்டு.