ஒரு கூடாரமும் 129 பொறிவண்டுகளும்

ஹைட்ரேஞ்சியா தெரியும் இல்லையா? ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனா வீட்டு வாசல்ல நீலமாவும் இளஞ்சிவப்பாவும் கொத்துக் கொத்தாப் பூத்திருக்குமே, அந்தச் செடி. இப்போ நகரத்துல பால்கனித் தொட்டியிலயும் நிறைய பேர் வளர்க்கிறாங்க. அதோட இலையைத் திருப்பிப் பார்த்தா, சில சமயம் அடியில பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையா ஏதோ இருக்கும். கீழே இருக்கிற இலையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும், அதுமேல கரி படிஞ்ச மாதிரி கறுப்பு. கூடவே எறும்பு வரிசை.

அந்தப் பஞ்சு பெரும்பாலும் செதில் பூச்சியோட முட்டைப் பை. அதைப் பார்த்ததும் "என்ன மருந்து அடிக்கலாம்?"னுதான் கேட்போம். அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: "இது எந்தப் பூச்சி? இதை யார் சாப்பிடுவாங்க?" இந்தக் கேள்வியோட அருமை கலிஃபோர்னியா ஆரஞ்சு விவசாயிகளுக்கு நல்லாவே தெரியும்.

1868 வாக்கில், கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க் ஊரில் அகேசியா மரங்களில் ஒரு புதுப் பூச்சி தென்பட்டது. ஹைட்ரேஞ்சியாவில் வரும் பஞ்சுச் செதில் பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம்னு சொல்லலாம். இதோட முட்டைப் பையில் மட்டும் வரி வரியாகப் பள்ளங்கள் இருக்கும். ஒரு பையில் நூற்றுக்கணக்கான முட்டைகள். பெண் பூச்சி முட்டையிட ஆண் துணைகூடத் தேவையில்லை. 1880களில் தெற்கு கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் முழுக்க இது பரவிவிட்டது. சோப்புக் கரைசல், மண்ணெண்ணெய்க் கலவை எல்லாம் அடித்துப் பார்த்தார்கள். 1886-ல் காக்கிலெட் என்ற பூச்சியியலாளர், மரத்தைக் கூடாரத்தால் மூடி உள்ளே சயனைடு புகை விடும் முறையை உருவாக்கினார். அதுவும் எல்லோருக்கும் கைகொடுக்கவில்லை. பல விவசாயிகள் தாங்கள் நட்ட மரங்களைத் தாங்களே வெட்டி எரித்தார்கள்.

அமெரிக்க வேளாண் துறையின் தலைமைப் பூச்சியியலாளர் சார்ல்ஸ் ரைலி வேறு பக்கம் யோசித்தார். இந்தப் பூச்சியோட சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அங்கே அது பெரிய தொல்லையாக இல்லை. அப்படின்னா அங்கே அதை யாரோ தின்கிறார்கள், அதானே?

ஆள் அனுப்பலாம் என்றால், அவரது துறை வெளிநாட்டுப் பயணத்துக்குச் செலவழிக்க நாடாளுமன்றம் தடை போட்டிருந்தது. அதனால் 1888-ல் மெல்போர்ன் சர்வதேசக் கண்காட்சிக்குப் போன அமெரிக்கக் குழுவோடு ஆல்பர்ட் கோபெலே என்பவரைச் சேர்த்து அனுப்பினார்கள். அவர் முக்கியமாகத் தேடிப் போனது ஓர் ஒட்டுண்ணி ஈயை. ஆனால் அடிலெய்டில் ஒரு தோட்டத்தில், சிவப்பும் கறுப்புமாக ஒரு குட்டிப் பொறிவண்டு இந்தச் செதில் பூச்சியைத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். அதுதான் வெடாலியா.

கப்பலில் மூன்று தவணையாக வந்து சேர்ந்தவை மொத்தம் 129 வண்டுகள். லாஸ் ஏஞ்சலஸில் அவற்றை வாங்கிக்கொண்டவர் அதே காக்கிலெட்! இந்த முறையும் ஓர் ஆரஞ்சு மரத்தைக் கூடாரத்தால் மூடினார், ஆனால் உள்ளே விட்டது வண்டுகளை. 1889 ஜூனுக்குள் அந்தத் தோட்டத்திலிருந்து மட்டும் 10,555 வண்டுகள் மற்ற விவசாயிகளுக்குப் போயின. இரண்டே வருஷத்துக்குள் செதில் பூச்சி அடங்கிப்போனது.

கதை இங்கே முடிஞ்சிருக்கலாம். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி வந்தது. 1946, 47 வாக்கில் சான் ஜோக்கின் பள்ளத்தாக்கில் வேறு பூச்சிகளைக் கொல்ல ஆரஞ்சுத் தோட்டங்களில் அதை அடித்தார்கள். செத்தது வெடாலியா. அறுபது வருஷமா அடங்கிக் கிடந்த செதில் பூச்சி திரும்ப வந்துவிட்டது. மருந்தை நிறுத்தி, வண்டைத் திரும்பக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் நிலைமை சீரானது.

இதில் நம்ம ஊருக்கும் பங்கு இருக்கு. அதே செதில் பூச்சி 1920களில் நீலகிரியின் வாட்டில் மரங்களுக்கு வந்தது. அதைத் துரத்திக்கொண்டு வெடாலியாவும் வந்தது. அதற்கும் முன்பே, 1898-ல், காபிச் செடியின் பச்சைச் செதில் பூச்சிக்காக இன்னொரு ஆஸ்திரேலியப் பொறிவண்டைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். காபியில் அது பெரிசா சோபிக்கலை. மாவுப்பூச்சியைத் தின்பதில் மட்டும் கில்லாடி, இன்னைக்கும் அதற்காகவே வளர்த்து விற்கிறாங்க. பெயர் கிரிப்டோலீமஸ்.

அதோட புழு பார்க்க அப்படியே பெரிய மாவுப்பூச்சி மாதிரி இருக்கும், உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை. நிறைய பேர் எதிரின்னு நினைச்சு நசுக்கிடறாங்க. ஒரு வித்தியாசம் என்னன்னா, மாவுப்பூச்சி கிட்டத்தட்ட நகராது. இது சுறுசுறுப்பா ஊர்ந்து போகும்.

வெடாலியா உங்க ஹைட்ரேஞ்சியாவைக் காப்பாத்தாது. அதோட சாப்பாடு வேற. அதனாலதான் முதல்ல அடையாளம் முக்கியம். ரெண்டு மூணு இலையில மட்டும் பஞ்சு இருந்தா ஈரத்துணியால துடைச்சு எடுங்க, மோசமான கிளையை வெட்டிடுங்க. எறும்பைத் தடுங்க, ஏன்னா பிசுபிசுப்புத் தேனுக்காக எறும்புகள் பொறிவண்டுகளை விரட்டிவிடும். அப்பவும் அடங்கலைன்னா, செடிக்கான சோப்புக் கரைசலை வெயில் தாழ்ந்த பிறகு பூச்சி இருக்கிற இடத்துல மட்டும் அடிங்க. அடிக்கறதுக்கு முன்னாடி இலைக்கு அடியில ஒரு தடவை பாருங்க. உங்க வேலையை ஏற்கெனவே யாராவது செஞ்சுக்கிட்டு இருக்கலாம்.