கீழடி: வரவுசெலவில் எழுதப்படும் வரலாறு

'நிதி இல்லை' என்பதைக் கணக்கன் சொல்லும் வாக்கியம் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். அது வரலாற்றை எழுதுகிற வாக்கியமும்தான் என்பதைக் கீழடியை முன்வைத்து வாசிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டர். தென்னந்தோப்புகளுக்கு அடியில் சுமார் 110 ஏக்கர் மேடு. வைகை நெடுக 293 இடங்களைக் கண்டு குறித்தபின், அமர்நாத் ராமகிருஷ்ணன் தலைமையில் மத்தியத் தொல்லியல் துறை 2014-15, 2015-16 ஆகிய இரு பருவங்களில் இங்கே தோண்டியது. செங்கல் கட்டுமானங்கள், எழுத்துப் பொறித்த பானையோடுகள் என 5000க்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. 2017 மார்ச்சில் அவர் அசாமுக்கு மாற்றப்பட்டார். மூன்றாம் பருவம் 400 சதுர மீட்டரோடு முடிந்தது. கட்டுமானங்களுக்குத் தொடர்ச்சி இல்லை என்றார்கள். கொஞ்சமாகத் தோண்டிவிட்டு 'ஒண்ணுமில்லை' என்பது ஆய்வின் முடிவா, ஒதுக்கீட்டின் முடிவா?

2020 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட் ஐந்து தொல்லிடங்களில் அருங்காட்சியகம் அறிவித்தது: ராகிகடி, அஸ்தினாபுரம், சிவசாகர், தோலாவிரா, ஆதிச்சநல்லூர். கீழடி இல்லை. 'அதான் ஆதிச்சநல்லூர் இருக்கே?' என்பார்கள். இருக்கிறது. ஆனால் அங்கே 2004-05இல் தோண்டியதன் அறிக்கையைக் கேட்டு நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. அறிக்கைக்குக் காசில்லாத இடத்தில் கட்டடத்துக்குக் காசு எப்படி வருகிறது?

இந்தக் கேள்வி டெல்லிக்கு மட்டுமானதல்ல. 2018 முதல் கீழடியைத் தோண்டிவரும் மாநில அரசு, கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்கு அதன் காலத்தைக் கொண்டுபோனது. 2023 மார்ச் 5 அன்று 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு அருங்காட்சியகமும் திறந்தது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய செங்கல் ஊருக்கு நேற்றைய செட்டிநாட்டு வீட்டின் முகத்தை ஒட்டியிருக்கிறார்கள். கரித்துண்டுகளோ காலக்கணிப்புக்காக அமெரிக்காவின் மயாமிவரை போய்வந்தன. கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு. பானையோட்டைக் கழுவி, எண் போட்டு, அடுக்கிவைக்கும் அறைக்கு எந்த மந்திரியும் ரிப்பன் வெட்டுவதில்லை.

அமர்நாத் 2023 ஜனவரியில் அளித்த 982 பக்க அறிக்கை, திருத்தம் கேட்டு 2025 மே மாதம் அவரிடமே திருப்பப்பட்டது. ஆக, காசை நிறுத்துவது, ஆளை மாற்றுவது, தாளைத் திருப்புவது எல்லாம் ஒரே அதிகாரத்தின் வெவ்வேறு கைகள்தாம்.

பெருமை பேசும் மேடைகள் நமக்குப் போதும். இரு அரசுகளிடமும் கணக்குக் கேட்போம்: கட்டடத்துக்கு எவ்வளவு, பகுப்பாய்வுக்கு எவ்வளவு, அறிக்கை அச்சிட எவ்வளவு, குழியில் இறங்கி மண் அள்ளிய கூலிக்கு எவ்வளவு? வரி வரியாகச் சொல்லட்டும்.