வெள்ளாற்றங்கரையில் மரபணு: திட்டக்குடிப் பருத்தியும் பிச்சாவரத்துக் கண்டலும்

தமிழ்நாட்டில் மரபணுத் தொழில்நுட்பம் நடந்து வந்த பாதையின் பெரும்பகுதியை வெள்ளாற்றின் கரையிலேயே காணலாம். ஆத்தூர் வழியாக ஓடிவரும் வசிட்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறாகின்றன. அந்த ஆறு தொழுதூரைத் தாண்டித் திட்டக்குடியின் தென்புறமாகச் சென்று, பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. மேற்கே ஆத்தூரில் பருத்தி விதை நிறுவனம் வளர்ந்தது. நடுவே திட்டக்குடி வட்டாரத்து மானாவாரி நிலத்தில் பி.டி. பருத்தி வேரூன்றியது, கிழக்கே கழிமுகத்தில் உள்ள பிச்சாவரம் கண்டல் காட்டிலிருந்து உப்பைத் தாங்கும் மரபணு ஒன்று நெல்லுக்குள் சென்றது. பருத்தியின் மரபணு பாக்கெட் விதையாகச் சில ஆண்டுகளில் வயலை நிறைத்தது. கண்டலின் மரபணு ஆய்வகத்தைத் தாண்டி உழவர் கைக்கு வரவில்லை. மரபணுவை வெட்டி ஒட்டும் முறை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. விதை யாரால், எந்த வடிவில், எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதில்தான் இரண்டும் பிரிந்தன.

கொட்டை வீட்டில் இருந்த காலம்

கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரமான திட்டக்குடி, வேப்பூர்ப் பகுதி காவிரித் தண்ணீர் எட்டாத நாடு. 1920-களில் கட்டி முடிக்கப்பட்ட வெலிங்டன் ஏரியின் பாசனம் போக, மற்ற நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. வரகும் பருத்தியும், பிற்காலத்தில் மக்காச்சோளமும் இங்கே முதன்மைப் பயிர்கள்.

கருங்கண்ணி, உப்பம் போன்ற நாட்டுப் பருத்திகள் தமிழக மானாவாரிக்கு ஏற்றவை. இழை குட்டையானது, ஆனால் வறட்சியைத் தாங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீண்ட இழை கொண்ட கம்போடியா பருத்தி சென்னை மாகாணத்துக்கு வந்தது. அதன் வழியில் கோயம்புத்தூரில் எம்.சி.யு. என்ற வரிசை இரகங்கள் உருவாகின. 1968-இல் வந்த எம்.சி.யு. 5 அவற்றில் புகழ்பெற்றது. இவை எல்லாமே தம் விதையிலிருந்து தம்மைப் போலவே முளைக்கும் நேர் இரகங்கள். பஞ்சு அரைத்தபின் கிடைக்கும் பருத்திக்கொட்டையில் ஒரு பங்கை உழவர் மறு ஆண்டுக்கு எடுத்துவைப்பார். கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் சன்னமான பஞ்சினால் விதைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் என்பதால், சாணிக்கரைசலில் புரட்டி உலர்த்திய பிறகே விதைப்பார்கள்.

1970-இல் குஜராத்தின் சூரத்தில் சி.டி. பட்டேல் உருவாக்கிய எச்-4 உலகில் முதன்முதலாக வணிகப் பயிராக வந்த வீரிய ஒட்டுப் பருத்தி. 1972-இல் தார்வாடிலிருந்து வரலட்சுமி என்ற இன்னொரு வீரிய ஒட்டு வந்தது. வீரிய ஒட்டு விதை இரண்டு வேறு பெற்றோரைக் கலந்து ஒரே ஒரு தலைமுறைக்காகச் செய்யப்படுவது. அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் செடிகள் பல விதமாகப் பிரிந்து, விளைச்சல் குறையும். எனவே உழவர் ஒவ்வோர் ஆண்டும் விதை வாங்க வேண்டியதாயிற்று.

இந்தக் கலப்பு கையால் நடப்பது. மாலையில், மறுநாள் மலரவிருக்கும் மொட்டைப் பெண் செடியில் தேர்ந்து, இதழையும் மகரந்தக் குழலையும் கட்டைவிரல் நகத்தால் சூலகம் சிதையாமல் உரித்து நீக்குவார்கள். அந்த மொட்டுக்குச் சிறு காகித உறை மாட்டப்படும். மறுநாள் முற்பகலில் உறையைக் கழற்றி, ஆண் செடியின் பூவை எடுத்துச் சூல்முடியில் தேய்த்து, அடையாளத்துக்கு நூல் கட்டுவார்கள். ஒரு காய்க்கு இத்தனை வேலை; வேலை செய்வோரில் பெரும்பாலானோர் பெண்கள். சேலம், தருமபுரிப் பகுதிகள் இந்த விதை உற்பத்திக்குப் பெயர்பெற்றன. 1973-இல் ஆத்தூரில் தொடங்கிய ராசி சீட்ஸ் இந்தத் தொழிலின் மேல் வளர்ந்த நிறுவனம்.

வீரிய ஒட்டுப் பருத்தி நீண்ட நாள் பயிர். உரம் அதிகம் கேட்கும். தழைத்த செடியைக் காய்ப்புழு தேடிவந்தது. 1980-களில் செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் பரவின. சில ஆண்டுகளிலேயே அமெரிக்கன் காய்ப்புழு அவற்றுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றது. மருந்தடிக்கும் முறை கூடிக்கொண்டே போக, சாகுபடிச் செலவில் பெரும்பங்கை மருந்துக்கடை எடுத்துக்கொண்டது. மரபணு மாற்றப் பருத்திக்கு வழி திறந்தது இந்த நெருக்கடிதான்.

வெட்டும் நொதியும் ஒட்டும் நொதியும்

உயிரின் குறிப்பு டி.என்.ஏ. என்ற நீண்ட மூலக்கூறில் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளின் வரிசையாக உள்ளது. அதன் இரட்டைச் சுருள் அமைப்பை 1953-இல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டனர். ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு அடங்கிய துண்டே மரபணு. பாக்டீரியா முதல் பருத்தி வரை எல்லா உயிர்களும் இந்த எழுத்துகளை ஏறக்குறைய ஒரே முறையில் படிப்பதால், ஓர் உயிரின் மரபணுவை இன்னோர் உயிர் படித்து அதே புரதத்தைச் செய்ய முடிகிறது.

மரபணுவை இடம் மாற்ற முதலில் அதைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்ட வேண்டும். பாக்டீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரஸ்களின் டி.என்.ஏ.வைத் துண்டிக்கப் பயன்படுத்தும் வெட்டு நொதிகள் இதற்கு உதவின. எடுத்துக்காட்டாக ஈகோ-ஆர்-1 என்ற நொதி ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற வரிசை எங்கே வந்தாலும் அங்கே வெட்டும். இந்த நொதிகள் பற்றிய ஆய்வுக்காக ஆர்பர், நாதன்ஸ், ஸ்மித் மூவருக்கும் 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. வெட்டிய முனைகளை லைகேஸ் என்ற நொதி இணைக்கும். 1972-இல் பால் பெர்க் இரு வேறு மூலங்களின் டி.என்.ஏ.வை இணைத்தார், 1973-இல் கோஹனும் பாயரும் இணைத்த டி.என்.ஏ.வைப் பாக்டீரியாவுக்குள் செலுத்திப் பெருக்கினர். இவ்வழியில் பாக்டீரியா செய்த மனித இன்சுலின் 1982-இல் மருந்தாக ஒப்புதல் பெற்றது.

செடிக்குள் மரபணுவைக் கொண்டுசெல்ல அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா உதவியது. அது இயல்பாகவே தன் டி.என்.ஏ.வில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செலுத்திக் கட்டியை உண்டாக்கும். கட்டிக்குக் காரணமான பகுதியை நீக்கிவிட்டு, வேண்டிய மரபணுவை அங்கே வைத்தால் பாக்டீரியாவே அதைச் செடிக்குள் சேர்த்துவிடும். 1983-இல் இம்முறையில் மரபணு மாற்றிய முதல் செடிகள் உருவாயின. மரபணு சேர்ந்த செல்களை மட்டும் பிரித்தெடுத்து, திசு வளர்ப்பில் முழுச் செடியாக்குவது கடைசிப் படி.

பாக்டீரியாவிலிருந்து பருத்திக்கு

பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் பெயர்ச் சுருக்கமே பி.டி. பட்டுப்புழுவைக் கொல்லும் இந்தப் பாக்டீரியாவை 1901-இல் ஜப்பானில் இஷிவாட்டா கண்டறிந்தார். 1911-இல் ஜெர்மனியின் துரிஞ்ஜியாவில் பெர்லினர் விவரித்த பிறகே அது இன்றைய பெயரைப் பெற்றது. அது செய்யும் படிகப் புரதம் புழுவின் காரத்தன்மை மிகுந்த குடலில் கரைந்து, குடல் செல்களில் உள்ள ஏற்பிகளைப் பற்றித் துளையிடுகிறது. புழு தின்பதை நிறுத்தி, சில நாளில் சாகும். மனிதக் குடலில் அத்தகைய ஏற்பிகள் இல்லை.

அந்தப் புரதத்துக்கான கிரை-1-ஏசி மரபணுவை மான்சாண்டோ நிறுவனம் அமெரிக்காவின் கோக்கர்-312 இரகத்தில் சேர்த்தது. திசு வளர்ப்பில் எளிதில் முளைப்பது அந்த இரகத்தின் வசதி. இந்திய மண்ணுக்கு அது ஏற்றதல்ல. ஆகவே மகிகோ நிறுவனம் கோக்கரை இந்தியப் பெற்றோர் இரகங்களோடு திரும்பத் திரும்பக் கலந்து மரபணுவை மாற்றிக்கொண்டது. இதன் பிறகு விதை உற்பத்தி நடந்தது பழைய வழியில், மொட்டை உரித்துப் பூவைத் தேய்த்துத்தான்.

1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-இல் வந்த விதிகளின்படி மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அமைந்தது. அக்குழு 2002 மார்ச்சில் மெக்-12, மெக்-162, மெக்-184 என்ற மூன்று பி.டி. வீரிய ஒட்டுகளை அனுமதித்தது. முதல் பருவத்திலேயே பயிரிட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2004-இல் ராசியின் ஆர்.சி.எச்.-2 பி.டி. ஒப்புதல் பெற்றது, ஆத்தூர் நிறுவனத்தின் விதையில் மான்சாண்டோவின் மரபணு. 2006-இல் கிரை-2-ஏபி என்ற இரண்டாவது மரபணுவும் சேர்ந்த போல்கார்டு-2 வந்தது. தொடக்கத்தில் 450 கிராம் பாக்கெட் ஏறத்தாழ 1,600 ரூபாய்க்கு விற்றது. ஆந்திர அரசு தொடுத்த வழக்கையடுத்து 2006-இல் விலை 750 ரூபாயாக இறங்கியது. பத்தாண்டு முடிவதற்குள் நாட்டின் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பி.டி. ஆயிற்று.

சீனாவில் பி.டி. மரபணு பெரும்பாலும் நேர் இரகங்களில் வந்தது. அங்கே உழவர் விதையை எடுத்துவைக்க முடிந்தது. இந்தியாவில் அது பெரும்பாலும் வீரிய ஒட்டுகளிலேயே வந்தது. 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்புச் சட்டம் விதையைச் சேமிக்கும் உரிமையை உழவருக்கு வழங்குகிறது. மறு தலைமுறையில் பிரிந்துபோகும் விதையில் அந்த உரிமைக்குப் பயன் இல்லை. அரசு ஆய்வு நிறுவனங்கள் பிக்கானேரி நர்மா என்ற நேர் இரகத்தில் பி.டி.யைக் கொண்டுவந்தன. அதில் மான்சாண்டோவின் மரபணு கலந்திருப்பது தெரியவந்ததும் அது நிறுத்தப்பட்டது.

புழு திரும்பிய கதை

அமெரிக்கன் காய்ப்புழு அடங்கியது. ஆனால் தத்துப்பூச்சி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சிகளை பி.டி. புரதம் ஒன்றும் செய்யாது. அவற்றுக்கான மருந்து மீண்டும் கூடியது. விதை பாக்கெட்டோடு 120 கிராம் சாதாரணப் பருத்தி விதை தனியாக வந்தது. அதை வயல் ஓரத்தில் விதைத்தால் எதிர்ப்புத்திறன் பெறாத பூச்சிகள் அங்கே பிழைத்து, எதிர்ப்புத்திறன் பெற்றவற்றோடு கூடி அந்தக் குணம் பரவுவதைத் தாமதப்படுத்தும். விளைச்சலை இழக்க மனம் வராத உழவர்கள் பலர் அதை விதைக்கவே இல்லை. 2009-இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் மரபணுவைத் தாங்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் போல்கார்டு-2-ஐயும் தாண்டியது. இந்தப் புழு ஏறத்தாழ பருத்தியை மட்டுமே தின்பது. காய்க்குள்ளேயே இருந்து கொட்டையைக் குடைவதால் மேலே அடிக்கும் மருந்து அதை எட்டாது. நீண்ட நாள் வயலில் நிற்கும் வீரிய ஒட்டு அதற்கு இன்னும் வசதி.

திட்டக்குடிப் பகுதியின் இன்னொரு பயிரான மக்காச்சோளத்தை 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு தாக்கியது. இந்தியாவில் மரபணு மாற்ற மக்காச்சோளத்துக்கு அனுமதி இல்லாததால், கட்டுப்பாடு மருந்தையும் இயற்கை எதிரிகளையும் நம்பியே நடக்கிறது.

உப்பைக் கக்கும் இலை

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரம் காட்டில் சுரபுன்னை, தில்லை, வெண்கண்டல் முதலிய மரங்கள் உள்ளன. வெண்கண்டல் தான் உறிஞ்சிய உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளும். வெயிலில் இலையின் மேல் வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்திருக்கும். உப்பு மிகுந்தால் செல்லுக்குள் சூப்பர் ஆக்சைடு போன்ற தீங்கான ஆக்சிஜன் வடிவங்கள் பெருகும். அவற்றை முறிக்கும் நொதிகளும் இந்த மரத்திடம் வலுவாக உள்ளன.

சென்னையில் 1988-இல் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், பிச்சாவரத்தில் அலைநீர் வந்துபோகும் வாய்க்கால்களை வெட்டி அழிந்த காட்டை மீட்கும் பணியோடு, வெண்கண்டலின் மரபணுக்களைப் பிரித்தெடுக்கும் ஆய்வையும் நடத்தியது. அஜய் பரிடா தலைமையிலான குழு சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதிக்கான மரபணுவை பூசா பாஸ்மதி-1 நெல்லில் சேர்த்தது. அந்த நெல் உப்பையும் பிற நெருக்கடிகளையும் கூடுதலாகத் தாங்கியது. முடிவு 2008-இல் வெளியானது. 2004 சுனாமியில் கடலூர்க் கரையோர வயல்களில் கடல்நீர் ஏறியதால் இந்த ஆய்வுக்கு உள்ளூரிலேயே தேவை இருந்தது.

ஆனால் அது விதையாகவில்லை. உப்பைத் தாங்குவது பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை. ஒன்றைச் சேர்ப்பதால் வயலில் முழுப் பயன் கிடைப்பது அரிது. உணவுப் பயிருக்கான சோதனையும் ஒப்புதலும் பருத்தியைவிடக் கடினமாயின. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் பங்கேற்ற பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அனுமதி தந்தது. 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. அதன்பின் எந்த மரபணு மாற்ற நெல்லும் இந்தியாவில் உழவரை எட்டவில்லை.

அயல் மரபணு இல்லாத வழிகள்

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதியின் தாழ்ந்த வயல்களுக்கு டி.என்.ஏ. தொழில்நுட்பம் வேறு வழியில் வந்தது. ஒடிசாவின் பழைய நெல் இரகம் ஒன்றில் இருந்த சப்-1-ஏ மரபணு, வெள்ளத்தில் மூழ்கிய பயிர் வளர்ச்சியை நிறுத்திச் சேமிப்பைக் காத்துக்கொள்ளச் செய்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரம் வரை பயிர் பிழைக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் டி.என்.ஏ. அடையாளத்தைச் சோதித்து, அந்த மரபணு வந்து சேர்ந்த நாற்றுகளை மட்டும் தேர்ந்து, சம்பாவுக்குப் பெயர்பெற்ற சி.ஆர். 1009 இரகத்துக்குள் அதை மாற்றினர். கலப்பு முழுவதும் நெல்லுக்கும் நெல்லுக்கும் இடையில் நடந்ததால் மரபணு மாற்றப் பயிருக்கான விதிகள் இதற்குப் பொருந்தவில்லை. இது நேர் இரகம் என்பதால் உழவர் விதையை எடுத்துவைக்கலாம்.

மூன்றாவது வழி மரபணுத் திருத்தம். 2012-இல் வந்த கிரிஸ்பர் முறை பயிரின் சொந்த மரபணுவில் குறித்த இடத்தை மட்டும் வெட்டி மாற்றுகிறது. அயல் மரபணு எஞ்சாத திருத்தங்களுக்கு மத்திய அரசு 2022 மார்ச்சில் பழைய விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. 2025 மே மாதம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் இரண்டு திருத்தப்பட்ட நெல் இரகங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பூசா டி.எஸ்.டி. நெல்-1 வறட்சியையும் உப்பையும் தாங்குவதற்காக எம்.டி.யு. 1010 இரகத்திலிருந்து உருவானது. பிச்சாவரத்து மரபணுவைக் கொண்டு அடைய முயன்ற குணத்தை, நெல்லின் சொந்த மரபணு ஒன்றின் செயலை முடக்கி அடையும் முயற்சி இது.